குருளையும் நிலைப்படியும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற சிற்றூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பிடும் அந்தக் கல்லை, தன் எருமைகளைக் காப்பதற்காகப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்னும் வீரனுக்காக எழுப்பியவர்கள், அவனுடைய உருவத்தையும் பெயரையும் பொறித்ததோடு கடமை தீர்ந்ததென்று எண்ணாமல், அருகே ஒரு நாயின் உருவத்தையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், இரண்டு கள்ளர்களைக் கடித்து அது காத்து நின்ற செய்தியையும் தனியே எழுதிவைத்தார்கள். 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு சிற்றூர் நாய்க்குப் பெயர் சொல்லிக் கல்லில் இடம் கொடுத்த அந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. இந்தக் கோவிவன் அப்போதுதான் கண் திறந்த குட்டியாய் வைக்கோலில் உருண்டுகொண்டிருந்தபோது அதற்குக் கூழ் ஊற்றியவர் யார்? எருமையைக் கடிக்காதே, கள்ளனைக் கடி என்ற பேதத்தை அந்தச் சிறு மூளைக்குள் புகுத்தியவர் யார்?

கன்னட நாட்டில், இன்றைய மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த மற்றொரு கல்லும் இப்படித்தான். 949-இல் தக்கோலப் போர்க்களத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்நீத்தான். வெற்றி ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனுக்கும், அவனுக்குத் துணை நின்ற கங்க மன்னன் பூதுகனுக்கும் கிட்டியது. அந்தப் போரில் பராக்கிரமம் காட்டிய மணலேரன் என்ற வீரனை நோக்கி, உனக்கு வேண்டியதைக் கேள் என்று பூதுகன் சொன்னபோது, அவன் பொன்னையும் கேட்கவில்லை, பட்டத்தையும் கேட்கவில்லை. மன்னனிடமிருந்த காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு வேட்டையில் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோத, நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. மணலேரன் கல் நாட்டினான். அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். காளியின் வீரம் நமக்குத் தெரிகிறது. அரண்மனைத் தொழுவத்தில் அதை மடியில் போட்டு வளர்த்த வேலைக்காரனின் பெயர் தெரியவில்லை.

சரித்திரம் நாயின் முடிவை எழுதியிருக்கிறது, வளர்ப்பை எழுதவில்லை. அரசர் செய்த காரியமாயிருந்தால் கல்லில் ஏறியிருக்கும். இதுவோ கிழவர்களும் பெண்களும் சிறுவர்களும் தொழுவத்திலும் கிணற்றடியிலும் செய்த காரியம். ஆகையால் நம் நாட்டில் நாய்க்குட்டி வளர்த்த கதையைத் தேடுகிறவன் கல்வெட்டையும் ஏட்டையும் ஓரளவுக்குமேல் நம்பிப் பயனில்லை. சொற்களையும், வீடுகளின் அமைப்பையும், இன்னும் உயிரோடிருக்கும் பழக்கவழக்கங்களையும்தான் கேட்டுப் பார்க்கவேண்டும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பியத்தின் மரபியல், எந்தப் பிராணியின் இளமையை எந்தப் பெயரால் அழைப்பது என்று வகுத்துச் செல்லும்போது, நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் குட்டிகளுக்கும் குருளை என்ற ஒரே பெயரைக் கொடுக்கிறது. இந்த நான்கும் ஒரே வரிசையில் நிற்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாய் துரத்துகிற முயல், நாயோடு மல்லுக்கு நிற்கிற பன்றி, நாயைத் தூக்கிக்கொண்டு போகிற புலி, இவை மூன்றும் நாயோடு ஒரே குழந்தைப் பெயரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இலக்கண ஆசிரியர் இதை வேட்டைக்காரர்களின் வாயிலிருந்து கேட்டே எழுதியிருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். வீட்டோடு கிடக்கும் மாட்டின் கன்றோடு சேராமல், காட்டுப் பிராணிகளோடு நாய்க்குட்டி வைத்து எண்ணப்பட்டதால், நம் முன்னோருடைய மனத்தில் நாய்க்கு இருந்த இடம் வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே, ஏறக்குறைய வாசற்படியில், என்றே எனக்குத் தோன்றுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் திண்ணனாருடைய முதல் வேட்டையை விரிவாகப் பாடும்போது, நாய்களும் அந்த வேட்டையில் முழுப் பங்கோடு வருகின்றன. அந்தத் திண்ணனாரே பின்னால் கண்ணப்பராகிறார்.

அடுத்து, பாளையக்காரர்களின் காலம். மதுரை நாயக்கர் ஆட்சியில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்த காலந்தொட்டு, 1801-இல் கடைசிப் பாளையக்காரர் போர் முடியும்வரை, தென்பாண்டிச் சீமையில் காவலும் வேட்டையும் தொழிலாகவும் கௌரவமாகவும் இருந்தன. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்த இடத்தைப் பற்றிச் சொல்லப்படும் ஐதிகத்திலும் நாய் இருக்கிறது: வேட்டை நாய்களுக்கு முன்னால் ஓடிய ஒரு முயல், குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் திரும்பி நின்று நாய்களையே விரட்டியது என்றும், வீரம் விளைந்த மண் இது என்று கண்டு அங்கே கோட்டை கட்டினார்கள் என்றும் சொல்வார்கள். விஜயநகரத்துக்கும் இதே மாதிரிக் கதை வழங்குவதால், இது நடந்ததா என்று ஆராய்வதில் பொருளில்லை. கதை பிறந்த வீடுகளில் ஒரு முயலின் தைரியத்தை அளக்கும் அளவுகோலாக வேட்டைநாய் இருந்தது என்பதே நமக்கு வேண்டிய விஷயம்.

வெள்ளைக்காரர்கள் இந்தப் பிரதேசத்து நாய்களைப் பாளையக்காரர் நாய் என்று பொதுப்பட அழைத்தார்கள். ஊர்க்காரர்கள் அப்படி அழைத்ததில்லை. அவர்களுக்கு ராஜபாளையம் வேறு, கோம்பை வேறு, சிப்பிப்பாறை வேறு, கன்னி வேறு. ராஜபாளையம் என்பது, விஜயநகர காலத்தில் ஆந்திர தேசத்திலிருந்து தெற்கே வந்த ராஜுக்களின் வீடுகளோடு பிணைந்த வெள்ளை நாய். மூக்கு இளஞ்சிவப்பு, கண் பொன்னிறம். கோம்பை, தேனிப் பக்கத்து மலையடிவாரத்துக் காவல்நாய். செம்மண் நிறமும் கறுத்த முகமும் கொண்டது. சிப்பிப்பாறை, கரிசல் காட்டில் முயலுக்குப் பின்னால் காற்றாய்ப் பறப்பதற்காக, வயிறு ஒட்டி, கால் நீண்டு, முகம் கூர்த்துப் பிறந்த பிராணி. கன்னி அதன் உடன்பிறப்பு என்றே சொல்லவேண்டும். உடல் கறுத்து, கண்ணுக்குமேலும் காலிலும் மட்டும் பழுப்பு ஏறியது.

இந்தக் கன்னி என்ற பெயருக்கு, மணப்பெண்ணுக்குச் சீராகக் குட்டியைக் கொடுத்தனுப்பிய வழக்கமே காரணம் என்று சொல்வது சம்பிரதாயமாகிவிட்டது. அந்த வழக்கம் இருந்தது உண்மைதான். சீர்வரிசையில் அண்டா, குத்துவிளக்கோடு ஒரு குட்டியும் போயிருக்கிறது. ஆனால் பெயர் வந்த வழி வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே கரிசல் பூமியில் கன்னி ஆடு என்று ஓர் ஆட்டினம் இருக்கிறது: உடல் கறுப்பு, முகத்தில் இரு பக்கமும் கோடு, கோடு வெளுத்திருந்தால் பால்கன்னி, சிவந்திருந்தால் செங்கன்னி. ஆட்டுக்கும் நாய்க்கும் ஒரே நிறம், ஒரே பெயர், ஒரே ஊர். ஆட்டுக் கிடையில் பிறந்து, ஆட்டோடு படுத்து, ஆட்டுப்பாலின் மிச்சத்தைக் குடித்து வளர்ந்த குட்டிக்கு ஆட்டின் நிறப்பெயரே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நம்புவது எனக்கு எளிதாயிருக்கிறது.

இனி, வளர்ப்பு. சாத்தூருக்குத் தெற்கே எங்கள் தாத்தாவின் கிராமத்தில் நான் கண்ணாரக் கண்டதை வைத்தே இதைச் சொல்லமுடியும். குட்டியை விலைக்கு வாங்குவது அங்கே மரியாதைக் குறைவு, கேட்டுத்தான் பெறவேண்டும். தாய்நாய் ஈன்ற வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு போய், நாலு வார்த்தை பேசியிருந்து, எழுந்திருக்கும் சமயத்தில்தான் குட்டியைப் பற்றிய பேச்சே வரும். குட்டி ஈன்று நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்குமுன் தாயிடமிருந்து பிரிக்கமாட்டார்கள். மூன்று மாதம் தாண்டிவிட்டால், அது இனி நம் கைக்கு வராது என்று வாங்கவும் மாட்டார்கள். குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்குவார்கள், நகத்தை எண்ணுவார்கள், வாயைத் திறந்து அண்ணம் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் எவ்வளவு அறிவு, எவ்வளவு நம்பிக்கை என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

ஒரு சோதனையை மட்டும் நான் மறக்கமுடியாது. எனக்குப் பத்து வயது. ராஜபாளையத்தில் உறவினர் ஒருவரின் தொழுவத்தில் வைக்கோல்மேல் ஏழு வெள்ளைக் குட்டிகள் குவிந்து கிடந்தன. தாத்தா ஒரு வெண்கலத் தாம்பாளத்தைக் கேட்டு வாங்கி, குட்டிகளுக்குப் பின்பக்கமாக வந்து, தரையில் அதிர்ச்சி இறங்கக்கூடாது என்பதற்காகத் தாம்பாளத்தை ஒரு கயிற்றில் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாவிக்கொத்தால் ஓங்கி ஓர் அடி அடித்தார். ஆறு தலைகள் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. ஏழாவது குட்டி ஒரு வைக்கோல் தாளை முன்னங்காலால் அமுக்கிக்கொண்டு மென்றுகொண்டேயிருந்தது. இரண்டாம் முறை அடித்தபோதும் அது திரும்பவில்லை. பக்கத்துக் குட்டிகள் நிமிர்ந்ததைக் கண்ட பிறகே, என்னவென்று அதுவும் நிமிர்ந்து பார்த்தது.

உறவினர் முகம் வாடிப்போயிற்று. "மாமா, இத விட்டுருங்க. வேற குட்டி எடுத்துக்கிடுங்க" என்றார்.

தாத்தா அந்தக் குட்டியைத்தான் தூக்கினார். "காது கேக்காட்டி என்ன மாப்பிள, கண்ணு இருக்குல்லா. பக்கத்துக் குட்டியப் பாத்து நிமிந்துச்சே, அது போதும்" என்றார்.

இது ஒரு குட்டியின் துரதிருஷ்டம் மட்டுமல்ல. ஒரு சரித்திரத்தின் விளைவு. முழு வெள்ளைதான் அசல் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, புள்ளி விழுந்த குட்டிகளைக் கழித்துக்கொண்டே வந்ததால், தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உடலில் மிகவும் அருகிவிட்டன. அதே அணுக்கள் உட்செவிக்கும் வேண்டியவை; அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி அழிந்துவிடுகிறது. வெள்ளையின்மேல் மனிதன் கொண்ட ஆசைக்கு நாயின் காது விலையாயிற்று. நம் முன்னோரின் வளர்ப்பைப் புகழ வந்த நான், இந்தக் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். பெட்டைக் குட்டிகளை வேண்டாமென்று கழித்ததும், கோபம் வரவேண்டும் என்று காதின் நுனியை அறுத்ததும், பகலெல்லாம் இருட்டறையில் சங்கிலியில் கட்டிப்போட்டதும் அதே வீடுகளில் நடந்த காரியங்கள்தாம்.

குட்டியைச் சாக்குப்பையில் வைத்து, தாயின் கீழ் விரித்திருந்த பழந்துணியில் ஒரு கிழிசலையும் உடன் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தோம். முதல் இரவு அது அழுதது. தாயின் வாசனையுள்ள அந்தத் துணியை ஆச்சி அதன் முகத்தருகே சுருட்டிவைத்தபோது அழுகை குறைந்தது, நிற்கவில்லை. தாத்தா தம் கயிற்றுக் கட்டிலைத் திண்ணையிலிருந்து இறக்கி, முற்றத்தில் குட்டியின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கையைக் கீழே தொங்கவிட்டபடி படுத்தார். குட்டி அந்தக் கையைச் சப்பிக்கொண்டே உறங்கிப்போயிற்று. வெள்ளையன் என்று அதற்குப் பெயர் வைத்தவன் நான். கேட்கமுடியாத குட்டிக்குப் பெயர் எதற்கு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

வீட்டில் வளர்ப்பது என்று இன்று நாம் சொல்வதும், அன்று அவர்கள் சொன்னதும் ஒன்றல்ல. முற்றம், தொழுவம், களம், திண்ணை, இவை நாயின் வீடு. நிலைப்படிக்கு அப்பால் உள்ளது மனிதர் வீடு. ஆகையால் குட்டிக்கு முதல் பாடமே நிலைப்படிதான். அந்தப் பாடத்துக்குக் கோல் எடுத்து நான் பார்த்ததில்லை. குட்டி படியேறினால் ஆச்சி அதை எடுத்து வெளியே விடுவாள். மறுபடி ஏறினால் மறுபடி விடுவாள். படிக்கு வெளியே அது உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் கூழ் வரும், தடவிக்கொடுக்கும் கை வரும். ஒரு நாளைக்கு நாற்பது முறை ஏறிய குட்டி, பத்து நாளில் நாலு முறையாகக் குறைந்து, மாதம் திரும்புவதற்குள் படியின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு, உடம்பு முழுதும் வெளியேயும் மூக்கு மட்டும் உள்ளேயுமாகப் படுக்கக் கற்றுக்கொண்டது. மோவாய் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்ற வியவகாரத்தை ஆச்சி எழுப்பவில்லை.

நாய்க்கு இப்படி ஓர் எல்லை வகுத்ததற்கு ஆசாரம் ஒரு காரணம்; வெறிநாய்க் கடி மற்றொன்று. 1885-இல் பாரிஸில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டு வழி காட்டும்வரை, வெறிநாய் ஆழமாகக் கடித்தவருக்கு நோய் வராமல் தடுக்க வழியில்லை; கண்டுவிட்டால் சாவுதான். தென்னாட்டில் இந்த வைத்தியத்துக்காகக் கூனூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது 1907-இல்; அதற்குப் பின்னும் கடிபட்டவர்கள் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டதைச் சென்ற தலைமுறையில் யாரிடமும் கேட்கலாம். தடுப்பூசியில்லாத ஒரு காலத்தில் குழந்தைகள் உறங்கும் அறைக்கும் நாய்க்கும் நடுவே ஒரு படியை வைத்த தாயைக் கடின சித்தமுள்ளவள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மற்றப் பாடங்களும் இப்படியே நடந்தன. கூழ் குடித்து முடித்ததும், தூங்கி எழுந்ததும், ஆச்சி குட்டியை எடுத்துக்கொண்டுபோய்க் குப்பைக்குழி ஓரத்தில் விட்டுவிட்டு, காரியம் முடியும்வரை அங்கேயே நிற்பாள். சில நாளில் குட்டி தானே அந்த மூலைக்கு ஓடிற்று. நாலாம் மாதம் பால்பல் விழுந்து ஈறு அரித்தபோது, செருப்பையும் கட்டில் கயிற்றையும் அது பதம் பார்க்கத் தொடங்கவே, நாங்கள் சூப்பிப்போட்ட பனங்கொட்டைகளை அதன் முன்னால் எறிந்தார்கள். நார் பல்லில் மாட்டிக்கொள்ள, தலையை உதறி உதறிக் கடித்துக்கொண்டு ஒரு பகல் முழுதும் அது மெய்ம்மறந்திருந்தது. அப்புறம் செருப்பைத் தொடவில்லை.

பேச்சுக்குப் பதிலாகத் தாத்தா அதற்குக் கையையும் காலையும் கொடுத்தார். வா என்பதற்குக் குதிகாலால் மண்தரையில் இரண்டு தட்டு. நில் என்பதற்கு உள்ளங்கையை விரித்து முகத்துக்கு நேரே காட்டுவது. இருட்டில் அரிக்கேன் விளக்கை ஒரு முறை தூக்கி இறக்கினால், திரும்பி வந்துவிடவேண்டும். உறங்கும் நாயை ஒருபோதும் திடுக்கிடத் தொட்டு எழுப்பக்கூடாது என்பது எங்களுக்கு அவர் இட்ட கட்டளை. மூக்கின் முன்னால் கையை நீட்டினால், வாசனையில் அது தானே விழிக்கும். வெள்ளையனும் தன் பங்குக்கு ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டது. கட்டிலின் காலில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டுதான் அது படுக்கும். தாத்தா புரண்டு படுத்தால்கூட அந்த அதிர்வு முதுகெலும்பில் ஏறி அதை எழுப்பிவிடும். இந்த உபாயத்தை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

காவலையும் களத்தையும் அதற்குக் கற்பித்தது தாத்தாவல்ல. வீட்டிலிருந்த கறுப்பி என்ற கிழட்டு நாய். தென்பாண்டி வீடுகளில் ஆசிரியர் என்று ஒருவர் இருந்தாரென்றால் அது பெரிய நாய்தான். வேட்டைக்காரர்களும் ஓராண்டு ஆகுமுன் குட்டியை ஓட விடமாட்டார்கள், எலும்பு முற்றவேண்டும் என்பார்கள். அதன்பின் பழகிய நாயோடு சேர்த்து விடுவார்கள், அவ்வளவே. பாரிவேட்டை நாளில் ஊரே காட்டுக்குப் போகும்போது, குட்டி பெரிய நாயின் பின்தொடையைப் பார்த்துக்கொண்டே ஓடி, எங்கே வளைவது, எங்கே குறுக்கே மறிப்பது என்று படித்துக்கொள்ளும். வெள்ளையன் கறுப்பியின் காதைப் பார்த்தே வாழ்ந்தது. கறுப்பியின் காது நிமிர்ந்தால் அது எழும். கறுப்பி வாயைத் திறந்தால், தன் குரலையே கேட்டறியாத அந்த நாயும் ஒரு முரட்டுக் குரலில் குரைக்கும்.

இந்த வளர்ப்பின் நியாயம் விஞ்ஞானிகளின் ஏட்டில் ஏறியது சென்ற நூற்றாண்டின் நடுவில்தான். ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்ற போலீஸ் அதிகாரி 1910-இல் எழுதிய நாய்ப் பயிற்சி நூல் வெகு காலம் உலகை ஆண்டது. ஏவலும் அடியும் வார்ப்பட்டையும் அதில் பிரதான ஸ்தானம் பெற்றிருந்தன. ஆனால் அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்துப் பார் ஹார்பர் என்னும் கடற்கரை ஊரில், ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் ஐந்து இன நாய்களை வளர்த்துப் பார்த்து, 1965-இல் தங்கள் நூலை வெளியிட்டபோது, குட்டியின் வாழ்வில் மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரையுள்ள காலமே அது யாரைத் தன் சுற்றமென்று ஏற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று தெரியவந்தது. அங்கேயே 1961-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வேலியடைத்த வெளியில் மனிதர் முகமே காணாமல் பதினான்கு வாரம் வளர்ந்த குட்டிகள், காட்டு மிருகம்போல் மருண்டு, பின்னால் எவ்வளவு அன்பு காட்டியும் முழுதும் வசப்படவில்லை. கலிபோர்னியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைத் தயாரித்த கிளாரன்ஸ் ஃபாஃபன்பர்கரும், கொட்டிலிலேயே தங்கிவிட்ட குட்டிகள் பின்னால் தவறுவதையும், உரிய வயதில் வீடுகளுக்குப் போய்ச் சிறுவர் சிறுமியர் கையில் வளர்ந்தவை தேறுவதையும் கண்டார். நாற்பத்தைந்து நாளுக்குமுன் பிரிக்காதே, மூன்று மாதத்துக்குமேல் வாங்காதே என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொன்ன எங்கள் ஊர்க் கிழவர்கள் இந்த நூல்களை அறியமாட்டார்கள்.

அந்த வீடுகள் இன்றில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் போயின. ஜமீன் காவலும் வேட்டையும் அவற்றோடு போயின. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலுக்கும் பன்றிக்கும் அபயம் கொடுத்தது. அது நியாயமே, அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் ஓடுவதற்காகவே பல நூறு ஆண்டுகள் வார்த்தெடுத்த ஒரு பிராணிக்கு அன்றோடு ஓட்டம் நின்றது. அதற்கு முன்பே ஊருக்குள் டைகரும் ஜிம்மியும் டாமியும் வந்துவிட்டன. பெயர் மட்டுமல்ல, சடைநாய்களும் வந்தன. வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும் அவற்றை வைத்திருப்பது அந்தஸ்தாயிற்று. நம் நாயை நினைவூட்ட 2005-இல் தபால் துறை ராஜபாளையம் நாயின் படத்தோடு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. பின்னர் கர்நாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்துகொண்டது. சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதனால் இப்போது குட்டிகளுக்குக் கிராக்கி வந்திருக்கிறது. வெற்றிலை பாக்கு போய், ஆயிரக்கணக்கில் ரூபாய் பேசுகிறார்கள். இனம் பிழைத்தது பற்றி எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இனத்தைப் பதிவு செய்கிற ஏட்டில், முதல் இரவு கையைத் தொங்கவிட்டுப் படுப்பதையும், கிழட்டு நாயோடு குட்டியைச் சேர்த்துவிடுவதையும் பதிவு செய்ய இடமில்லை. அவற்றையும் குட்டியோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்; அப்படி ஒருவரிடமிருந்துதான் சென்ற தை மாதம் ஒரு கன்னிக் குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

நகரத்து அடுக்குமாடியில், இரண்டாம் தளத்தில் நாங்கள் இருக்கிறோம். முற்றமில்லை, தொழுவமில்லை, அறைக்கு அறை வாசல் உண்டு, நிலை உண்டு, ஆனால் தரையோடு தரையாய்ச் சமமாக ஓடுவதால் படி என்பதே இல்லை. முதல் வாரம் முழுதும் குட்டி எங்கும் திரிந்தது. எங்கே நிற்பதென்று அதற்கு விளங்காததுபோலவே, எங்கே நிறுத்துவதென்று எங்களுக்கும் விளங்கவில்லை. பிறகு ஒரு நாள் என் மனைவி, சமையலறை வாசலில் நிலைக்கு நிலை ஒரு விரற்கடை அகலத்துக்குக் காவியைக் கரைத்து ஒரு கோடு இழுத்தாள். அதைத் தாண்டினால் தூக்கி வெளியே விடுவாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஒரு துண்டுக் கருவாடு. நடமாட்டத்தில் காவி தேய்ந்துபோக, வெள்ளிக்கிழமைதோறும் கோலம் போடும்போது அதையும் புதுப்பித்துக்கொண்டு வந்தாள்.

நேற்று மாலை கவனித்தேன். காவி அநேகமாக அழிந்துபோயிருந்தது. இரு ஓரங்களிலும் நிலையை ஒட்டிச் சிறிது சிவப்புத்தான் மிச்சம். குட்டி அங்கே படுத்திருந்தது. முன்னங்கால்களை மடக்கி வெளியே வைத்துக்கொண்டு, இல்லாத படியின்மேல் மோவாயைச் சாய்த்து, மூக்கை மட்டும் உள்ளே நீட்டியபடி.